வளாகப் பணி (அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்)

வளாகப் பணி என்பது, கல்லூரி அல்லது பல்கலைக்கழக மாணவர் ஒருவர் படிக்கும் காலத்திலேயே அந்நிறுவனத்துக்குள் ஊதியம் பெற்றுச் செய்யும் பகுதிநேர வேலையாகும். நூலகம், உணவுக்கூடம், ஆய்வகம், கணினி உதவி மையம், விடுதி அலுவலகம் ஆகியவை இதற்கான வழக்கமான இடங்கள். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு முதுகலை படிக்கச் செல்வோரில் பலருக்கு அங்கே கிடைக்கும் முதல் சம்பளம் இதுவே. செலவைச் சமாளிக்கத்தான் பெரும்பாலோர் இதில் சேர்கின்றனர். ஆனால் இதில் வரும் பணத்தைவிட, தொழில்வாழ்க்கைக்குக் கிடைக்கும் பயிற்சியே பெரிது.

பணக் கணக்கு எளிது. கூட்டாட்சி அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். (பல மாநிலங்களில் இதைவிடக் கூடுதல்.) வாரம் 20 மணி நேரம் உழைத்தால் 145 டாலர்; 15 வாரப் பருவத்துக்கு 2,175 டாலர். மளிகைக்கும் கைச்செலவுக்கும் உதவும். கல்விக் கடனை அடைக்க உதவாது. இதை நம்பிக் கடன் வாங்குவது சரியான திட்டமல்ல.

தோற்றம்

படிப்பையும் உழைப்பையும் இணைப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். கென்டக்கி மாநிலத்தில் 1855இல் தொடங்கப்பட்ட பெரியா கல்லூரி மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை; ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரிக்காக வேலை செய்ய வேண்டும். துடைப்பம் கட்டுதல், நெசவு, மரவேலை போன்ற கைத்தொழில்களும் அவற்றில் அடங்கும். நாடு தழுவிய அளவில், 1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டம் வழியாகக் கூட்டாட்சி வேலை-கல்வித் திட்டம் வந்தது. இதில் சேரும் மாணவரின் ஊதியத்தில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. வெளிநாட்டு மாணவருக்கு இத்திட்டம் பொருந்தாது என்பதால், அறிவிப்பில் ‘வொர்க்-ஸ்டடி’ என்று குறிக்கப்பட்ட இடங்களுக்கு அவர்கள் விண்ணப்பிக்க இயலாது. பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்து தரும் வேலைகளையே தேட வேண்டும்.

விதிகள்

எஃப்-1 விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வேலை செய்யக் கூடாது. விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம். இரண்டு இடங்களில் வேலை செய்தாலும் இரண்டையும் சேர்த்தே 20 மணி. வேலை உறுதியானதும் அலுவலகக் கடிதத்தையும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலர் தரும் கடிதத்தையும் காட்டிச் சமூகப் பாதுகாப்பு எண் பெற வேண்டும். அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே, பெட்ரோல் நிலையத்திலோ உணவகத்திலோ, கையில் பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்வது மாணவர் தகுதியையே இழக்கச் செய்யும். மூத்த மாணவர் சிலர் ‘எல்லாரும் செய்வதுதான்’ என்று சொல்லக்கூடும். பாதிப்பு வரும்போது அவர்கள் உடன் வரமாட்டார்கள்.

வேலை பயிற்சியாவது எப்படி

மேசையில் உட்கார்ந்து அட்டையைச் சரிபார்ப்பதால் மட்டும் திறன் வளர்ந்துவிடாது. செய்த வேலையைப் பற்றி யாரேனும் கேட்டு, மாணவர் யோசித்துப் பதில் சொல்லும்போதுதான் அது அனுபவமாகிறது. அயோவா பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு முறையை வகுத்துள்ளது. மேற்பார்வையாளர் மாணவரை அழைத்துச் சுருக்கமாகப் பேசுகிறார். வேலை படிப்போடு எப்படிப் பொருந்துகிறது, இங்கே கற்றது வகுப்பில் எங்கே உதவியது, வகுப்பில் கற்றதை இங்கே எங்கே பயன்படுத்தலாம், நாளைய தொழிலுக்கு எது பயன்படும் என்பவையே கேள்விகள். செலவில்லாத முறை. இத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில் மாணவரே பருவத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளரிடம் நேரம் கேட்டு இதே கேள்விகளைப் பேசலாம். பின்னாளில் பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்கும் அப்போதுதான் எழுத ஏதாவது இருக்கும்.

சில வேலைகளில் பயிலரங்கும் சேர்ந்தே வருகிறது. பாடம் சொல்லிக்கொடுக்கும் மாணவருக்குக் கல்லூரி வாசிப்பு மற்றும் கற்றல் சங்கம் அங்கீகரிக்கும் சான்றிதழ் உண்டு. முதல் நிலைக்குக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சியும் 25 மணி நேரக் கற்பித்தலும் தேவை. விடுதி உதவியாளருக்கு, சண்டையைத் தீர்ப்பது முதல் மனம் உடைந்தவரிடம் பேசுவது வரை முன்பயிற்சி தரப்படுகிறது. தனியாக நடக்கும் பயிலரங்குகளில் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி குறிப்பிடத்தக்கது. 1998இல் தொடங்கிய இது, ஆய்வு மாணவருக்கு நிரலாக்கமும் கிட் போன்ற கருவிகளும் பெரும்பாலும் இரண்டு நாளில் கற்றுத்தருகிறது. அங்கே கற்றதை அந்த வாரமே ஆய்வக வேலையில் பயன்படுத்துபவருக்குத்தான் அது நிலைக்கிறது. சான்றிதழ் சேர்ப்பவருக்கு அல்ல.

உணவுக்கூட வேலையைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. பாத்திரம் கழுவத் தொடங்கி, பணிமுறைப் பட்டியல் போடும் மாணவ மேலாளராக உயர்பவர் உண்டு. தன்விவரக் குறிப்பில் ‘உணவுக்கூடப் பணியாளர்’ என்று எழுதுவதைவிட, எத்தனை பேருக்குப் பணி ஒதுக்கினார், ஆள் வராத நாளில் என்ன செய்தார் என்று எழுதுவது நேர்முகத் தேர்வில் பேச இடம் தரும்.

படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த வேலைக்கு விருப்பச் செயல்முறைப் பயிற்சி என்ற 12 மாத அனுமதி உண்டு. அறிவியல், பொறியியல் போன்ற துறையினர் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். வளாகப் பணியில் கழித்த மாதங்கள் இந்தக் கணக்கிலிருந்து குறைக்கப்படுவதில்லை.