அழகான வீடு யாருக்கு?
(சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டை அமைப்பது பற்றி)



நம் குழுக்களில் இப்போது ஆடு, மாடு வாங்கக் கடன் கேட்பது போலவே வீட்டு வேலைக்கும் கடன் கேட்கிறோம். கூரையை எடுத்துவிட்டு ஒட்டு போட, தரைக்கு டைல்ஸ் ஒட்ட, முன்பக்கம் சுவர் எழுப்ப, பெயிண்டு அடிக்க என்று பல தேவைகள். வீடு அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறே இல்லை. குடிசையில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்த ஆசை வராமல் வேறு யாருக்கு வரும்?

ஆனால் வீடுகளுக்குப் போகும்போது நாங்கள் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. தெருவில் போகிறவர் பார்க்கும் முன்பக்கத்துக்குத்தான் பாதிப் பணம் போகிறது. தூண், பளபளக்கும் டைல்ஸ், கண்ணாடி போட்ட ஷோகேஸ் எல்லாம் இருக்கும். உள்ளே போனால் அரிவாள்மனையை மாட்டி வைக்க ஒரு ஆணி இருக்காது. பூச்சிமருந்து டப்பா கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அந்த வீட்டில் தவழும் பிள்ளை ஒன்றும், ஓடும் பிள்ளை ஒன்றும் இருக்கும். நாள் முழுக்க "தொடாதே, போகாதே, இறங்கு" என்று கத்தியே அம்மாவுக்குத் தொண்டை வறண்டுபோகும்.

பிள்ளையை அடிக்காமல், கத்தாமல் வளர்க்க வேண்டும் என்றால் முதலில் வீடு அதற்குத் தோதாக இருக்க வேண்டும். அப்படி அமைத்த வீடு அழகாகவும் இருக்கும். எப்படி என்று பார்ப்போம்.

நம்மிடம் உள்ள இடம் எவ்வளவு?

2011-ல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் வீட்டின் அளவு 300 சதுர அடி. 2016-ல் வந்த பிரதமர் வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. எதை எடுத்தாலும் சிறிய வீடுதான். அதனால் ஒவ்வொரு அடிக்கும் கணக்கு வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை என்றால் 100 சதுர அடி. அதில் ஆறுக்கு நாலு கட்டில் போட்டால் 24 சதுர அடி போய்விடும். கால்வாசி அறை! பீரோ, டிவி ஸ்டாண்டு, நாற்காலி எல்லாம் வைத்த பிறகு பிள்ளை தவழ இடம் எங்கே? கோரைப்பாயைக் காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் பகலெல்லாம் அந்த இடம் பிள்ளையுடையது. வீட்டில் வயசானவர்கள் இருந்தால் கட்டில் வேண்டும்தான். அப்போது அதன் அடியில் பெட்டிகளை ஒழுங்காக அடுக்கி ஒரு துணித் திரை தொங்கவிடுங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும், இடமும் மிச்சம்.

தரையில் இல்லாத இடம் சுவரில் இருக்கிறது. நம் பாட்டிமார் வீட்டில் சுவரிலேயே மாடம் விட்டுக் கட்டினார்கள். விளக்கு, சீப்பு, மருந்து எல்லாம் அதில் இருக்கும். இன்றைக்கும் கொத்தனாரிடம் சொன்னால் சுவர் கட்டும்போதே மாடம் விட்டுத் தருவார். கடப்பாக் கல் வைத்து அலமாரியும் கட்டலாம். கட்டி முடித்த பிறகு சுவரை உடைக்கச் சொன்னால்தான் செலவு. ஆகவே அஸ்திவாரம் போடும்போதே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை உயரத்தில் பாருங்கள்

ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு உங்கள் வீட்டுக்குள்ளேயே மண்டி போட்டுத் தவழ்ந்து பாருங்கள். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாதது எல்லாம் அப்போது தெரியும். மேசை விளிம்பில் தொங்கும் டீ டம்ளர், கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, கட்டிலடியில் உருண்டு கிடக்கும் மாத்திரை, ஐந்து ரூபாய்க் காசு எல்லாம் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருக்கும்.

மூன்று வயதுப் பிள்ளை சுமார் மூன்றடி உயரம் இருக்கும். கையைத் தூக்கினால் இன்னும் மேலே எட்டும். ஸ்டூல் கிடைத்தால் ஏறவும் செய்யும். ஆகவே மூன்றடிக்குக் கீழே பிள்ளை தொடக்கூடியது மட்டும் இருக்கட்டும். பாத்திரம், துணி, பொம்மை வைக்கலாம். ஆபத்தானது எதுவும் ஐந்தடிக்கு மேலே, அதுவும் கதவும் கொண்டியும் உள்ள அலமாரியில் இருக்க வேண்டும்.

அடுப்படி

சின்னப் பிள்ளைகளுக்குத் தீக்காயம் என்றால் நெருப்பு பற்றித்தான் வரும் என்று நினைக்கிறோம். கொதிக்கும் குழம்பு, சோற்றுக் கஞ்சி, வெந்நீர், டீ ஆகியவைதான் பிள்ளைகளை அதிகம் சுடுகின்றன. அடுப்பு தரையில் இருந்தால் ஆபத்து கூடுதல். கஞ்சி வடித்த சட்டியைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பிள்ளை பின்பக்கமாக வந்து அதில் உட்கார்ந்துவிடும்.

முடிந்தவரை அடுப்பை மேடைமேல் வையுங்கள். கேஸ் அடுப்பு என்றால் சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பாத்திரத்தின் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். மேடை விளிம்பிலிருந்து துணி தொங்கக் கூடாது. பிள்ளை அதை இழுத்தால் மேலே உள்ளது எல்லாம் தலையில் விழும். விறகடுப்பு தரையில்தான் என்றால் சுற்றிலும் இரண்டடி உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர் எழுப்புங்கள், அல்லது அடுப்படி வாசலில் தட்டியால் ஒரு படல் கட்டுங்கள். ஆட்டுக்குட்டிக்குப் படல் கட்டுகிற நமக்கு இது பெரிய வேலை இல்லை.

புகை போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு சமைத்தால் நாம் குடிக்கும் புகையை அதுவும் குடிக்கிறது. எதிரெதிராக இரண்டு திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும்.

சுட்டுவிட்டால்: உடனே குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின்மேல் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், இங்க், மாவு, காப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

தண்ணீர்

கிணறும் குளமும் மட்டும்தான் ஆபத்து என்று இல்லை. தவழும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் வாளியில் அரைச்சாண் தண்ணீரே போதும். தலை கனமாக இருப்பதால் அதனால் எழ முடியாது. சத்தமும் வராது. சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

நாங்கள் வேலை செய்யும் ஒரு ஊரில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று பாத்ரூம் வாளியில் விழுந்தது. பாட்டி தற்செயலாக அந்தப் பக்கம் போனதால் தூக்கிவிட்டார். குழந்தை பிழைத்தது. அம்மா அப்போது பத்தடி தூரத்தில் துணி துவைத்துக்கொண்டு இருந்தார். அவர் கவனக்குறைவானவர் இல்லை. சத்தமே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வேலை முடிந்ததும் வாளி, அண்டாவைக் கவிழ்த்து வையுங்கள். குடிதண்ணீர்க் குடத்தை மேடைமேல் மூடி வையுங்கள். தரைத்தொட்டிக்குக் கனமான மூடியும் பூட்டும் வேண்டும். பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி போதும். கக்கூஸ் குழி தோண்டினால் அன்றே பலகையால் மூடுங்கள்.

மாடிப்படி கட்டினால் கைப்பிடிச் சுவரும் சேர்த்தே கட்டுங்கள். கம்பி வைப்பதாக இருந்தால் இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் இருந்தால் சின்னப் பிள்ளை நுழைந்துவிடும்.

கரண்டு

பழைய வீடுகளில் ஒரு பல்பு, ஒரு பிளக் என்று ஒயரிங் செய்தார்கள். பிறகு 2006-ல் இலவச டிவி வந்தது. 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. இப்போது செல்போன் சார்ஜரும் சேர்ந்துவிட்டது. பிளக் மட்டும் ஒன்றேதான்! அதிலிருந்து ஒயர் தரையெல்லாம் ஓடுகிறது. ஈரக் கையோடு தவழும் பிள்ளைக்கு அதுதான் விளையாட்டுச் சாமான்.

புதிதாக ஒயரிங் செய்தால் பிளக் பாயிண்டை நாலரை அடிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். எர்த் கட்டாயம். இன்னொன்றும் கேளுங்கள்: மின்கசிவைக் கண்டதும் தானாகவே கரண்டை நிறுத்தும் கருவி இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்பார்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவு வாங்க வேண்டும். சாதாரண பியூஸ் ஒயரைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. டைல்ஸில் பத்து சதுர அடி குறைத்தாவது இதை வாங்குங்கள்.

துணி காயப்போடும் கொடி இரும்புக் கம்பியாக இருந்தால் மாற்றி நைலான் கயிறு கட்டுங்கள். கரண்டு ஒயர் வரும் குழாயில் கொடி கட்டவே கூடாது.

விஷமும் மருந்தும்

பூச்சிமருந்து, எலிமருந்து, மண்ணெண்ணெய், பினாயில், கக்கூஸ் கழுவும் ஆசிட் எதையும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைக்குக் கலர் பாட்டில் என்றால் குடிக்கிற கலர்தான். மாமனாரின் பிரஷர் மாத்திரையும் மிட்டாய் மாதிரிதான் தெரியும். பிள்ளை குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய், ஆசிட் மேலே வரும்போது நுரையீரலையும் தொண்டையையும் இன்னும் கெடுக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இனி அழகு

தரை: பளபள டைல்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் பிள்ளையும் வழுக்கும், கர்ப்பிணியும் வழுக்குவாள். சொரசொரப்பான டைல்ஸ் கேட்டு வாங்குங்கள். செட்டிநாட்டிலும் கேரளத்திலும் சிவப்பு ஆக்சைடு கலந்து போட்ட சிமெண்டுத் தரைகள் தலைமுறை தாண்டியும் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. நன்றாகத் தண்ணீர் விட்டுக் காயவைத்து, அந்த வேலை தெரிந்த கொத்தனார் போட்டால் நம் வீட்டிலும் வரும்.

சுவர்: சிறிய அறைக்கு வெளிர் நிறம் அடித்தால் வெளிச்சம் கூடும், அறையும் பெரிதாகத் தெரியும். ஆனால் கீழே மூன்றடிக்கு அடர்ந்த நிறத்தில் பார்டர் கொடுங்கள். பிள்ளையின் கைத்தடம் தெரியாது, துடைக்கவும் சுலபம். கோயில் சுவரில் காவியும் வெள்ளையும் பார்த்த நமக்கு இந்த அழகு புதிதல்ல. சுண்ணாம்பு அடிப்பதானால் கல்சுண்ணாம்பு நீற்றும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும்.

பெயிண்டு வாங்கும்போது ஈயம் இல்லாதது என்று டப்பாவில் இருக்கிறதா பாருங்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதற்கு முன் அடித்த பழைய ஜன்னல், கதவுப் பெயிண்டு உதிர்ந்தால் பிள்ளை வாயில் போடாமல் பாருங்கள். சுரண்டும்போது ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், தூள் பறக்கக் கூடாது.

கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். 2007-ல் காலமானார். செங்கல்லைப் பூசாமலேயே அழகாகக் கட்டினார். ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலி வைத்தார். காற்றும் வரும், வெளிச்சமும் வரும், உடைய கண்ணாடியும் இல்லை. எலிப்பொறிக் கட்டு என்ற முறையில் கட்டினால் ஏறக்குறைய கால்வாசி செங்கல் மிச்சமாகும். குறைந்த செலவில் கட்டினால் அசிங்கமாக இருக்கும் என்ற எண்ணத்தையே அவர் மாற்றிக் காட்டினார்.

பிள்ளைக்கு ஒரு மூலை

தனி அறை கேட்கவில்லை. நாலுக்கு நாலு மூலை போதும். சுவரில் இரண்டடி உயரத்துக்குக் கரும்பலகை பெயிண்டு அடித்துவிட்டால் மற்ற சுவர் தப்பிக்கும். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தட்டு வைத்து அதன் தட்டு, டம்ளர், துணியை அதிலேயே வையுங்கள். தானே எடுத்து, தானே வைக்கும் பழக்கம் வரும். பனையோலைக் கூடை ஒன்று பொம்மைக்கு. தேங்காய்ச் சிரட்டை, மரக்கரண்டி, பழைய டப்பா போதும். தொண்டையில் சிக்கும் அளவு சின்னதாக எதுவும் வேண்டாம்.

சேலைத் தூளி நம் பெருமை. ஆனால் கொக்கி உறுதியா என்று மாதம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கீழே மெத்தென்று ஏதாவது விரித்து வையுங்கள். பெரிய பிள்ளைகள் அதில் முறுக்கிச் சுற்றி விளையாட விடாதீர்கள். கழுத்து இறுகிவிடும். தூளி காலியாக இருக்கும்போது சேலையை மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

யார் முடிவு செய்வது?

கடன் நம் பெயரில். தவணை கட்டுவதும் நாம். ஆனால் எந்த இடத்தில் ஜன்னல், எவ்வளவு உயரத்தில் மேடை என்று கேட்டால் "அவர்தான் கொத்தனார்கிட்ட பேசினார்" என்கிறோம். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலோ, மனைவி பெயரில் மட்டுமோ ஒதுக்கலாம் என்று விதியே இருக்கிறது. ஆவணத்தில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. கொத்தனார் நூல் பிடிக்கும் அன்று நாமும் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போவது நாமும் பிள்ளைகளும்தானே!

அதேபோல, வீட்டை ஒழுங்காக வைப்பது அம்மா வேலை, மூத்த பெண் பிள்ளை வேலை என்று விட்டுவிடக் கூடாது. வாளியைக் கவிழ்க்க அப்பாவுக்கும் கை இருக்கிறது. பாய் சுருட்ட மகனுக்கும் தெரியும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. வீட்டுக் கடன் வழங்கும் முன் அறிக்கையில் டைல்ஸ், பெயிண்டு தவிர மேடை, எர்த், கைப்பிடிச் சுவர், தொட்டி மூடி உள்ளனவா என்று கேட்கலாமா?
2. ஐந்து வயதுக்குள் பிள்ளை உள்ள உறுப்பினர்களின் வீட்டை இருவர் இருவராகப் போய்ப் பார்த்து வரலாமா? குறை சொல்ல அல்ல, உதவி செய்ய.
3. ஊரில் மூடாத கிணறு, குழி எத்தனை? கிராம சபையில் மனு கொடுப்போமா?
4. எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் ஒயரிங் பார்த்தால் கூலி குறையுமா?

இவற்றில் பாதிக்கு மேல் காசே தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். வாளியைக் கவிழ்ப்பதிலிருந்து தொடங்குங்கள், சகோதரிகளே. செய்ததைக் கூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்தவர் வீட்டுக்கும் அது பயன்படும்.