திறந்து மூடிய பின்னர்

கணையத்திற் புற்றுநோய் கொண்டார் ஒருவரை இரண சிகிச்சைக்கென உள்ளே அழைத்துச் சென்ற சில மணி நேரத்திற்குள் வைத்தியர் வெளியே வந்து, "திறந்து பார்த்தோம், எடுக்க இயலவில்லை, மூடிவிட்டோம்" என்று கூறக் கேட்டு நின்ற குடும்பங்கள் பல. எம் இல்லத்தாரும் ஒருகால் அம்மொழியைக் கேட்டனர். இனிச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்றே அன்று யாம் அதற்குப் பொருள் கொண்டோம். அப்பொருள் பிழையென்று உணர்வதற்குள் பல நாட்கள் வீணாயின. அந்நிலையில் நோயாளர்க்குச் செய்யத்தக்கன பல உள என்பதையும், அவற்றுட் பெரும்பாலன வீட்டாராலேயே செய்யத்தக்கன என்பதையும் எம் கல்லூரி அன்பர்க்கு ஒருவாறு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்பின் குறுக்காகக் கிடக்கும் ஓர் உறுப்பு. ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமுடையது. உணவைச் செரிப்பிக்கும் நீரைச் சிறுகுடலுக்கு அளிப்பதும், இரத்தத்திலுள்ள சர்க்கரையை அளவுபடுத்தும் இன்சுலினைச் சுரப்பதும் அதன் தொழில்கள். அதன் தலைப்பாகம் முன்சிறுகுடலின் வளைவினுள் அடங்கியுள்ளது. பித்தநீர்க் குழாய் அத்தலையை ஒட்டியே செல்கின்றது. குடலுக்கும் ஈரலுக்கும் உரிய பெரிய இரத்தக் குழாய்கள் அதன் பின்னே நெருங்கி ஓடுகின்றன. இத்துணை ஆழத்தில் மறைந்து கிடத்தலின், அங்குத் தோன்றும் கட்டி நெடுநாள் வெளிப்படுவதில்லை. நோய் அறியப்படுங் காலத்து, அறுத்தெடுக்கத்தக்க நிலையிலிருப்போர் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் வரையே.

அவர்களுள்ளும் சிலர்க்கு வயிற்றைத் திறந்த பின்னரே உண்மை புலனாகின்றது. கடுகினுஞ் சிறிய புற்றுப் பொட்டுகள் ஈரலின் மேலும், குடலைப் போர்த்த சவ்வின் மேலும் தெளித்தாற்போற் கிடக்கும். ஸ்கேன் படம் அவற்றைக் காட்டாது போதல் உண்டு. அன்றியும், கட்டி பெரிய இரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்திருத்தலும் கூடும். தலைப்பாகத்தை எடுத்தற்குரிய பெருஞ் சிகிச்சையை ஜெர்மனியில் வால்தர் கௌஷ் என்பார் 1909-ஆம் ஆண்டிற் செய்து காட்டினார். அமெரிக்காவில் ஆலன் விப்பிள் என்பார் 1935-இல் வெளியிட்ட முறையால் அது பரவி, இன்று விப்பிள் சிகிச்சை என்றே வழங்குகின்றது. பல மணி நேரம் நிகழ்வது. உடலைப் பெரிதும் தளர்த்துவது. நோய் பரவிவிட்டதென்று கண்ட பின்னும் அதனைச் செய்தல் நோயாளரை வீணே வருத்துவதாக முடியும். ஆதலின், மூடிவிட்ட வைத்தியரை நொந்துகொள்ளுதல் முறையன்று. யாம் நொந்துகொண்டோம், அஃது எம் அறியாமை.

அவ்வேளையில் யாம் கேட்டிருக்கவேண்டிய வினா வேறொன்று: "மூடுதற்கு முன் என்ன செய்தீர்கள்?" என்பது. பித்தநீர் இறங்குதற்கும், உணவு இரைப்பையினின்று செல்லுதற்கும் குடலை இணைத்து மாற்று வழி அமைத்திருத்தல் கூடும். வலியைச் சுமந்து செல்லும் நரம்புத் தொகுதியில் ஆல்கஹால் செலுத்தி அதனை மரக்கச் செய்திருத்தலும் கூடும். பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையார் 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கட்டியை எடுக்கவியலாத நோயாளர்க்குத் திறந்த அவ்வேளையிலேயே இவ்வாறு செய்தலால் பின்னர் வலி குறைந்ததென்று காட்டிற்று. அன்று செய்யப்படாவிடினும், ஊசி வாயிலாகப் பின்னருஞ் செய்துகொள்ளலாம்.

நிற்க. எம் இல்லத்தில் நோயுற்றவர் எம் பெரிய தகப்பனார். கணக்கு ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். சிகிச்சை ஆறு மணி நேரத்திற்குக் குறையாதென்று முன்னாளே அவரிடம் கூறியிருந்தனர். காலை எட்டு மணிக்கு உள்ளே சென்றவர் மயக்கந் தெளிந்து கண் விழித்தபோது, எதிர்ச் சுவரிலிருந்த கடிகாரம் பதினொன்று காட்டிற்று. "அதற்குள் எல்லாம் எடுத்துவிட்டார்களா, தம்பி?" என்று மகனைக் கேட்டார். "எல்லாம் எடுத்தாயிற்று, அப்பா" என்றார் எம் அண்ணன். மேற்கொண்டு அவர் ஒன்றுங் கேட்கவில்லை. அவர் மனம் தேறிவிட்டதென்று யாம் மகிழ்ந்தோம். பத்தொன்பது நாட்கள் இவ்வாறு சென்றன. பின்னர்ப் புண்ணுக்குக் கட்டுப் போட வந்த தாதியிடம், "ஆறு மணி வேலை மூன்று மணியில் முடியாது, அம்மா, பிள்ளைகள் வருந்துவார்களே என்றுதான் கேளாதிருக்கிறேன்" என்று அவர் கூறியது எமக்குத் தெரிய வந்தது. யாம் அவரைக் காப்பதாக எண்ணியிருந்தோம். அவரோ தனியே இருந்து எம்மைக் காத்துவந்தார்.

நம் குடும்பங்களில் இவ்வழக்கம் மிகுதி. வைத்தியர் மகனை வராந்தாவிற்கு அழைத்துச் சென்று உண்மை கூற, மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து பொய் கூறுகின்றார். அன்பினாற் செய்வதே, எனினும் நோயாளர் தம் உடலிற் படிப்படியாக மிகும் தளர்ச்சியைத் தாமே அறிவார். அவர் முன் அனைவரும் நடிக்க, அவர் மட்டும் தம் அச்சத்தைச் சொல்லுதற்கு ஆளின்றி நிற்பார். ஆயினும், எல்லாவற்றையும் ஒரே மூச்சிற் கொட்டிவிடுதலும் கொடுமையே. துன்பந் தணிக்கும் வைத்தியத்திற் பழகிய ஒருவர் எம் பெரிய தகப்பனாரிடம் வந்தபோது செய்தது இது: நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு அமர்ந்தார், "உங்கள் நோயைப்பற்றி நீங்கள் என்ன நினைத்திருக்கிறீர்கள்?" என்று முதலிற் கேட்டார், "இன்னும் அறிய விரும்புகிறீர்களா, அல்லது பிள்ளைகளிடம் மட்டும் பேசட்டுமா?" என்று பின்னர் வினவினார். அறிய விரும்புவதாகப் பெரியவர் கூறிய பின்னரே உண்மையைச் சிறிது சிறிதாக உரைத்தார். "எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னீர்கள்" என்று பெரியவர் விடையிறுத்தார். அன்று மாலையே, நிலப்பங்கீட்டின் காரணமாக ஒன்பது ஆண்டுகள் பேசாதிருந்த தம் தங்கையை, எம் அத்தையாரை, வரவழைக்குமாறு கேட்டார். வலிமை இருந்த அப்பத்தொன்பது நாட்களிலேயே இது நிகழ்ந்திருக்கலாமே என்னும் எண்ணம் எம்மை விட்டு இன்னும் நீங்கவில்லை.

இனி வலியைப்பற்றிக் கூறுவாம். இந்நோயின் வலி மேல்வயிற்றிற் றோன்றி முதுகைத் துளைப்பதுபோற் செல்லும். நிமிர்ந்து படுத்தால் மிகும், முன்குனிந்து அமர்ந்தாற் சிறிது குறையும். நோயாளர் தலையணையை மார்போடணைத்து இரவெல்லாம் உட்கார்ந்திருப்பாராயின், வலிக்கு மருந்து போதவில்லை என்று வீட்டார் அறிதல் வேண்டும். தகுந்த மருந்து மார்பின். மார்பின் என்ற அளவிலேயே எம் இல்லத்தில், "அபினா!" என்று பலர் அஞ்சினர். வலி பொறுக்கவியலாத போது மட்டுங் கொடுப்பதென்று அண்ணன் மாத்திரைகளைத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அது பெருந்தவறு. விரைவிற் செயற்படும் மார்பின் மாத்திரையை நான்கு மணிக்கொருமுறை, வலி தலைதூக்குமுன்னரே கொடுத்தல் வேண்டும். வலிக்கென வைத்தியர் அளவிட்டுக் கொடுப்பதால் நோயாளர் போதைக்கு அடிமையாதல் அரிது. உயிர் விரைந்து போய்விடும் என்பதும் வீண் அச்சமே. தவறாது வரும் குறை மலச்சிக்கல். அதற்குரிய மருந்தையும் முதல் நாளே உடன் தொடங்குதல் வேண்டும். அவ்வாறு ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கிய மூன்றாம் இரவு பெரிய தகப்பனார் படுத்து உறங்கினார்.

இம்மருந்து நம் நாட்டில் எளிதிற் கிடைத்ததன்று. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருட் சட்டத்தால் மருத்துவமனைகளும் அதனை வைத்திருக்கத் தயங்கின. 2014-இற் செய்யப்பட்ட திருத்தமே வழியைச் சிறிது எளிதாக்கிற்று. துன்பந் தணிக்கும் வைத்தியத்திற்கு இக்காலத்து உருவளித்தவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். தாதியாகவும் சமூக ஊழியராகவும் இருந்து பின்னர் வைத்தியம் பயின்ற அவர், 1967-இல் இலண்டனிற் செயின்ட் கிறிஸ்டபர் நிலையத்தைத் திறந்தார். உடல் வலியோடு மனத்துயரும், குடும்பக் கவலையும், ஆன்ம வேதனையும் கலந்ததே நோயாளரின் வலி என்பது அவர் கண்ட உண்மை. நம் அண்டை நாடாகிய கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993-இற் றொடங்கிய வலி தணிப்புச் சங்கத்தார், வைத்தியரோடு அயலாரையும் பயிற்றி நோயாளரின் வீட்டிற்கே சென்று தொண்டு புரியும் முறையை வளர்த்தனர்.

அடுத்தது உணவு. இஃது எம் பெரிய தாயாரை வாட்டிய விஷயம். "ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று அவர் கெஞ்ச, பெரியவர் முகந் திருப்ப, ஒவ்வொரு வேளையும் இருவர் கண்ணீரில் முடிந்தது. இந்நோயில் உடல் மெலிதல் பட்டினியால் மட்டும் வருவதன்று. நோயே உடலின் தசையைக் கரைத்துப் பசியையும் அவித்துவிடுகின்றது. உண்பிக்காத மனைவியின் குறையன்று அது. ஆயினும் ஒன்று செய்யலாம். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு நீரில் மிதப்பின், செரிமான நீர் போதவில்லை என்பது பொருள். அதற்குரிய குளிகைகள் உள. அவற்றை உணவோடு சேர்த்து, உண்ணும்போதே விழுங்குதல் வேண்டும். உண்டு முடித்து ஒரு மணி கழிந்து கொடுப்பதாற் பயனில்லை. அவை பன்றியின் கணையத்தினின்று எடுக்கப்படுவன. ஆதலிற் சமயம்பற்றித் தடையுடையார் முன்னரே வைத்தியரொடு கலந்து பேசுதல் நலம். சிறு தட்டிற் சிறிதளவாகப் பலமுறை கொடுத்தலே தக்கது. பெரியவர்க்குத் தயிர் கலந்த குழைந்த சோறு இரண்டு கரண்டி இறங்கிற்று. அதற்குமேற் பெரிய தாயார் கேட்பதை நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் அமர்ந்து பத்திரிகை படித்துக் காட்டலானார்.

காலந் தாழ்த்தாது வைத்தியரிடம் செல்லவேண்டிய குறிகள் சிலவுண்டு. பித்தநீர்க் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்னும் சிறு குழல் பொருத்தியிருப்பின், அஃது அடைபடுதல் இயல்பு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, கண் மீண்டும் மஞ்சளித்தால் அன்றிரவே செல்க. விடியட்டும் என்று காத்திருத்தல் கேடாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தலும், திடீரென மூச்சுத் திணறலும் இரத்தம் உறைந்து கட்டியானதன் அடையாளமாகலாம்.

உடல் வலிமை குறையாதார்க்குக் கீமோதெரபியும் உண்டு. பிரெஞ்சு வைத்தியர் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உடலெங்கும் பரவிய இந்நோய்க்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 6.8 மாதத்தினின்று 11.1 மாதமாக உயர்ந்தது. உபாதைகளும் உடன் மிகுந்தன. இதனை ஏற்பதா விடுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை நோயாளருடையது. உண்மையை மறைத்த வீட்டில் அவ்வுரிமையும் அவர்க்கில்லாது போகின்றது.

கட்டியை எடுத்த பின்னரும் நோய் மீளுவதுண்டு. அமெரிக்காவிற் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னெகி மெலன் கலாசாலையின் ஆசிரியர் ராண்டி பவுஷ் என்பார்க்கு 2006 செப்டம்பரில் விப்பிள் சிகிச்சை நடந்தது. 2007 ஆகஸ்டில் நோய் ஈரலிற் பரவிவிட்டதென்று அறிந்தார். அடுத்த மாதமே தம் மாணாக்கர் முன் தம் இளமைக் கனவுகளைப்பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசி, மேடையிலேயே தண்டால் எடுத்துங் காட்டினார். அச்சொற்பொழிவை உலகறியும். யாம் பெரிதாகக் கருதுவது மற்றொன்று: மனைவியும் மூன்று சிறு மக்களும் பிற்காலத்து உறவினரிடையே இருக்கவேண்டுமென்று, தாம் உயிரோடிருக்கும்போதே வர்ஜீனியாவுக்குக் குடும்பத்தைக் குடிபெயர்த்தார். உண்மை தெரிந்தமையாலன்றோ அவர்க்கு அது கூடிற்று! 2008 ஜூலை 25-ஆம் நாள் அவர் காலமானார்.

துணை நிற்பாரைப்பற்றியும் ஒரு சொல். எம் பெரிய தாயார் ஆறு வாரம் இரவிற் கண்மூடவில்லை; ஒருநாள் கூடத்தில் மயங்கி விழுந்தார். அதன் பின்னரே யாம் இரவுக் காவலை முறை வைத்துக்கொண்டோம். பார்க்க வருவோர், "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டுச் செல்வதைக் காட்டிலும், ஒரு வேளைச் சோறு சமைத்துக் கொணர்தலும், மருந்துக்கடைக்குச் சென்று வருதலும் நல்லன. எவரோ எங்கோ குணமானதாகக் கூறப்படும் பச்சிலை மருந்தின் விலாசத்தை அவர்கள் கொண்டுவராதிருத்தல் இன்னும் நன்று. எம் இல்லத்திற்கு அத்தகைய விலாசங்கள் ஏழு வந்தன.

அத்தையார் வந்து பன்னிரண்டு நாள் தங்கினார். முதல் நாள் இருவரும் அதிகம் பேசவில்லை. இரண்டாம் நாள் நிலத்தைப்பற்றியே பேசி, சிறிது சச்சரவும் இட்டனர். பின்னர் அவரே மாத்திரை கொடுக்கும் நேரங்களை ஒரு நோட்டுப் புத்தகத்திற் குறித்துவரும் பொறுப்பை ஏற்றார். இறுதி மூன்று நாட்கள் பெரியவர் பெரும்பாலும் உறக்கத்திலிருந்தார். வாயை நனைத்துவிடுதலும், பக்கம் மாற்றிப் படுக்க வைத்தலுமே எம் வேலையாயின. காரியங்கள் முடிந்த சில நாட்களுக்குப் பின் அவ்வைத்தியர் வீட்டிற்கு வந்தார். நோயாளர் போன பின்னர் இவர் எதற்கு வந்தார் என்று யாம் வியந்தோம். மீதியிருந்த மார்பின் மாத்திரைகளை எண்ணிப் பெற்றுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், பிறகு பெரிய தாயாரிடம் சென்று, "இப்பொழுது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா, அம்மா?" என்று கேட்டு, அவர் சொல்லிய எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் இருந்து கேட்டார்.