பிக்-அப்பில் கேம்பர் ஏற்றப் போறீங்களா? பின் ஸ்பிரிங்கை மாற்றும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க

வார இறுதியில் கேமரன் மலை, அடுத்த மாதம் கிழக்குக் கரை. ஹோட்டல் புக்கிங் வேண்டாம், கூடாரம் அடிக்க வேண்டாம். பிக்-அப் வண்டியின் டிரேயில் ஒரு குட்டி அறையை ஏற்றிவிட்டால் போதும், போகும் இடமெல்லாம் வீடு. அதுதான் டிரக் கேம்பர்.

ஆனால் ஏற்றிய அன்றே ஒன்றைக் கவனிப்பீர்கள். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், மூக்கு மேலே தூக்கும். இரவில் எதிரே வருபவர் கண்ணில் உங்கள் விளக்கு அடிக்கும். வளைவில் வண்டி ஆடும். உடனே பலரும் கேட்கும் கேள்வி: "எந்த ஸ்பிரிங் போடலாம்?"

அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

ஸ்பிரிங்கை மாற்றினால் அதிக எடை ஏற்றலாமா?

கூடாது. இதை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் போதும்.

ஒவ்வொரு வண்டிக்கும் தயாரிப்பாளர் நிர்ணயித்த மொத்த எடை வரம்பு உண்டு. வண்டி, ஆட்கள், எரிபொருள், சாமான் எல்லாம் அதில் அடக்கம். பின் அச்சுக்குத் தனி வரம்பும் உண்டு. பிரேக், அச்சு, சேசிஸ், டயர் எல்லாவற்றையும் கணக்கில் வைத்துத்தான் அந்த எண்கள் முடிவாகின்றன. ஸ்பிரிங்கை மட்டும் பலப்படுத்தினால் வண்டி நிமிர்ந்து நிற்கும். பிரேக் பழைய பிரேக்தான்.

இணையத்தில் ஆஸ்திரேலியக் காணொளிகளைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அங்கே அங்கீகாரம் பெற்ற முறையில் மொத்த எடை வரம்பையே உயர்த்திக்கொள்ள வழி உண்டு. அதே ஸ்பிரிங்கை வாங்கி இங்கே மாட்டினால் உங்கள் வண்டியின் வரம்பு மாறிவிடாது. அமெரிக்கக் காணொளிகளில் வரும் வண்டிகளோ நம் ஹைலக்ஸைவிடப் பெரியவை.

கணக்கு எப்படி?

ஓர் உதாரணம். முழு டேங்க் எரிபொருளுடன் உங்கள் வண்டி 2,000 கிலோ, மொத்த வரம்பு 2,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 900 கிலோ.

• கேம்பர்: 500 கிலோ
• 60 லிட்டர் தண்ணீர்: 60 கிலோ
• நான்கு பேர்: 280 கிலோ
• பேட்டரி, கேஸ், சின்ன ஃபிரிட்ஜ், பைகள்: 100 கிலோ

மொத்தம் 940. வரம்பைத் தாண்டியாச்சு! இத்தனைக்கும் இன்னும் நாற்காலி, மேசை எதையும் ஏற்றவில்லை.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். டபுள் கேப் வண்டியின் டிரே குட்டை. அதனால் கேம்பரின் கனம் பின் அச்சுக்கும் பின்னால் போய்விடலாம். 500 கிலோ கேம்பரின் எடை மையம் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் இருந்தால், ஹைலக்ஸ் அளவு வண்டியில் முன் சக்கரங்களிலிருந்து சுமார் 80 கிலோ குறையும். பின் அச்சில் 500 அல்ல, 580 கிலோ ஏறும். ஸ்டீயரிங் லேசாகிவிட்டது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

அதனால் முதல் வேலை, முழுப் பயணத்துக்கும் சாமான் ஏற்றி, ஆட்களையும் உட்காரவைத்து, எடை மேடையில் நிறுத்துவது. செம்பனை ஆலை, பழைய இரும்புக் கடை போன்ற இடங்களில் எடை மேடை இருக்கும். கேட்டுப் பாருங்கள். மொத்த எடையை ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்து ஒருமுறை எடுங்கள்.

சரி, வரம்புக்குள்தான் இருக்கு. இப்போ எதைப் போடலாம்?

ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் போன்றவற்றின் பின்பக்கம் இருப்பது லீஃப் ஸ்பிரிங். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர் போன்ற சிலவற்றில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். அவற்றுக்கான தீர்வு வேறு.

கூடுதல் பட்டை: இருக்கும் அடுக்கில் இன்னொரு பட்டையைச் சேர்ப்பது. செலவு குறைவு. கேம்பரை இறக்கிய பிறகு வண்டி தூக்கிப் போடும்.

முழு செட் மாற்றுவது: கேம்பர் எப்போதும் வண்டியிலேயே இருக்கும் என்றால் இதுவே நல்ல தேர்வு. "எவ்வளவு நிரந்தரச் சுமைக்கு?" என்று கேட்டு வாங்குங்கள். தேவைக்கு மேல் கெட்டியான ஸ்பிரிங் நல்லதல்ல.

காற்றுப் பை: விபத்தில் விரியும் பை இல்லை. சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பை. காற்றைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், கேம்பரை அடிக்கடி ஏற்றி இறக்குபவர்களுக்கு வசதி. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. லீஃப் ஸ்பிரிங், அச்சுக்கு முன்னும் பின்னும் இரண்டு இடங்களில் சேசிஸைத் தாங்கும். காற்றுப் பை நடுவில் ஒரே இடத்தில் முட்டித் தூக்கும். பின்னால் அதிக எடை தொங்கினால், குண்டும் குழியுமான சாலையில் கேபினுக்குப் பின்னால் சேசிஸ் வளைந்துவிடக்கூடும். வண்டியைச் சமன்படுத்த மட்டும் பயன்படுத்துங்கள், ஓவர்லோடை மறைக்க அல்ல. இரண்டு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். ஒரே குழாய் என்றால் வளைவில் காற்று மறுபக்கம் ஓடி, சாய்வு இன்னும் கூடும்.

அப்சோபர்: இது எடையைத் தாங்காது, குதிப்பதைத்தான் அடக்கும். ஸ்பிரிங்கை மாற்றினால் அதற்குப் பொருத்தமான அப்சோபரையும் சேர்த்து மாற்றுங்கள்.

சாய்வுத் தடுப்புக் கம்பி: கேம்பர் உயரமானது. வளைவில் ஆடுவதுதான் உங்கள் பிரச்சினை என்றால், பின்பக்கம் இந்தக் கம்பி உதவும்.

டயர்: பலரும் மறப்பது. பக்கவாட்டில் உள்ள சுமை எண்ணைப் பாருங்கள். 112 என்றால், சரியான காற்றழுத்தத்தில் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். பின் அச்சின் எடையில் பாதியை அதனுடன் ஒப்பிடுங்கள்.

மாட்டும் முன் யாரைக் கேட்கணும்?

எந்த மாற்றத்துக்கு அனுமதி தேவை என்பதைச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முதலில் கேளுங்கள். "எல்லாரும் போடறாங்க, ஒன்னும் ஆகாது" என்று பட்டறையில் சொல்வது அனுமதி ஆகாது. காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது சிக்கலாகலாம்.

சுருக்கமாக...

முதலில் எடை போடுங்கள். கூடினால் சாமானைக் குறையுங்கள். தண்ணீரைப் போய்ச் சேரும் இடத்தில் நிரப்பினாலே 60 கிலோ மிச்சம். அதன் பிறகு டயர், ஸ்பிரிங், அப்சோபர் என்ற வரிசையில் போங்கள்.

வண்டி நேராக நிற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது வண்டியை நிறுத்த வேண்டியது ஸ்பிரிங் அல்ல, பிரேக்.