விரைவுத் திரை வாங்குவோர்க்கு

முப்பத்துநான்கு ஆண்டுகள் கரும்பலகையின்முன் நின்று காலங்கழித்த ஒருவன் கணினித் திரையைப் பற்றிப் பேச முன்வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு அதில் உள்ள தகுதி ஒன்றே ஒன்று. ஒரு திரையை வாங்கினேன். வாங்கியதைச் சரிவர அமைக்க அறியாமல், பதினைந்து வயதுப் பையன் ஒருவனையும் கடைச் சிப்பந்தி ஒருவரையும் காரணமின்றிக் கடிந்துகொண்டேன். என்னைப்போல் வேறு யாரும் அவ்வாறு செய்யாதிருக்கும்பொருட்டு, நான் பிற்பாடு கற்றுக்கொண்டவற்றைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

2024ஆம் ஆண்டுக் கோடையில் என் மகள் வயிற்றுப் பேரன் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்தான். தேர்வு முடிந்ததும் அவன் கேட்பதை வாங்கித் தருவேன் என்று முன்னமே வாக்களித்திருந்தேன். மிதிவண்டி கேட்பான் என்பது என் கணிப்பு. அவன் கேட்டதோ, "180 ஹெர்ட்ஸ் மானிட்டர் வேணும், தாத்தா" என்பது. அவன் ஆடுவது வாலரண்ட் என்னும் துப்பாக்கி விளையாட்டு. எனக்கு அவ்விளையாட்டு உவப்பானதன்று. ஆயினும் சொன்ன சொல் சொன்ன சொல்தானே! ஓய்வூதியத்திலிருந்து பன்னிரண்டாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு, திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்கு வந்தேன். அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவில், கடைகடையாக ஏறி இறங்கி, 24 அங்குலத் திரை ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். வீட்டிற்கு வந்து, பழைய திரையின் கம்பியைப் பிடுங்கிப் புதிய திரையில் நானே செருகினேன். இயற்பியல் பாடம் நடத்தியவனுக்கு இதில் என்ன கடினம் என்ற எண்ணம்.

மறுநாள் பையன் தயங்கித் தயங்கி வந்து, "தாத்தா, பழசுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியலை" என்றான். எனக்குச் சினம் பொங்கிற்று. "எதைக் கொடுத்தாலும் உனக்குப் போதாது" என்று சொல்லிவிட்டேன். அவன் பேசாமல் எழுந்து சென்றான். கடைக்குத் தொலைபேசியில் பேசியபோது, விற்ற இளைஞர், "ஐயா, செட்டிங்ஸ் பார்த்தீங்களா?" என்று பணிவாகவே கேட்டார். ஏமாற்றியவர் சொல்லும் சாக்குப்போக்கு என்று கருதி, தலைமையாசிரியர்க் குரலில் நாலு வார்த்தை பேசித் தொலைபேசியை வைத்தேன். அதன்பின் பதினேழு நாள்கள் பேரன் என் அறைப்பக்கம் வரவில்லை.

இனி, அந்த 180 என்பது என்ன என்று பார்ப்போம். ஹெர்ட்ஸ் என்பது ஒரு வினாடியில் ஒரு செயல் எத்தனை முறை நிகழ்கிறது என்பதைக் குறிக்கும் அலகு. மின்காந்த அலைகள் உண்டு என்பதைச் செருமனி நாட்டுக் கார்ல்ஸ்ரூகே நகரில் 1887ஆம் ஆண்டு முதலாகச் செய்த சோதனைகளால் மெய்ப்பித்த ஐன்ரிக் ஹெர்ட்ஸ் என்பாரின் பெயர் அது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரணக் கணினித் திரை 60 ஹெர்ட்ஸ். அதாவது, வினாடிக்கு 60 முறை படத்தைப் புதிதாக எழுதுகிறது. 180 ஹெர்ட்ஸ் திரை 180 முறை எழுத வல்லது. 'வல்லது' என்ற சொல்லை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எழுதியே தீரும் என்று பெட்டியின்மேல் எங்கும் அச்சிடவில்லை.

திரைப்படத்திற்கு வினாடிக்கு 24 படங்கள் போதுமாக இருக்கும்போது, விளையாட்டிற்கு மட்டும் 180 எதற்கு? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்கும் மாணவனை நான் தட்டிக்கொடுத்திருப்பேன். திரைப்படக் காமிரா ஒவ்வொரு படத்தையும் எடுக்கும் சிறுபொழுதில் ஓடுகின்ற பொருள் சற்றே தீற்றலாகப் பதிகிறது. அத்தீற்றலே அடுத்த படத்தோடு நம் கண்ணில் இழைந்து ஓட்டமாகத் தோன்றுகிறது. மேலும், படம் பார்ப்பவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். விளையாடுபவரோ கையை அசைத்த அக்கணமே திரையும் அசைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அங்கே தாமதம்தான் பகை.

அத்தாமதத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடைவெளி 16.7 மில்லி வினாடி. 144 ஹெர்ட்ஸில் 6.9. 180இல் 5.6. 240இல் 4.2. முதற்படியில் ஏறக்குறைய பத்து மில்லி வினாடி மிச்சமாகிறது. 144இலிருந்து 180க்கு ஏறினால் மிச்சமாவது ஒன்றரைக்கும் குறைவு. 180இலிருந்து 240க்கு ஏறினாலும் அவ்வளவே. ஆகவே, 60ஐ விட்டு 144க்கு வருவதற்குப் பணம் கொடுப்பது தகும். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு படிக்கும் விலை கூடும், பயன் குறையும். சிக்கனமாக வாங்குபவர் 144, 165, 180 ஆகிய மூன்றையும் ஏறத்தாழ ஒன்றாகவே கருதலாம். இவற்றுள் எது நல்ல கண்ணாடியும் நல்ல தாங்கியும் கொண்டு, குறைந்த விலைக்கு வருகிறதோ, அதனை எடுக்கலாம்.

தாமதத்தினும் கண்ணுக்கு நன்கு புலப்படுவது தெளிவு. ஓடும் இரயிலிலிருந்து நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டுமாயின், கண்ணைப் பலகையோடு கூடவே திருப்புகிறோம், எழுத்துத் தெளிகிறது. கணினித் திரையில் ஒரு பொருள் ஓடும்போதும் நம் கண் அதனோடு கூடவே ஓடுகிறது. ஆனால், திரையில் உள்ள படமோ அடுத்த படம் வரும்வரை அசையாது நிற்கிறது. கண் நகர, படம் நிற்க, விளிம்பு மழுங்குகிறது. ஒரு வினாடியில் 960 படப்புள்ளிகளைக் கடக்கும் பொருள் 60 ஹெர்ட்ஸில் 16 புள்ளி அகலத்திற்கு மழுங்கும். 180இல் ஐந்து புள்ளி அகலத்திற்குச் சற்று மேல். ஒளிந்திருக்கும் எதிராளியைப் பையன் விரைந்து காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்கணக்கு, திரையின் புள்ளிகள் நொடியில் நிறம் மாறும் என்று கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் அவை அவ்வாறு மாறுவதில்லை. இத்திரைகளுக்குள் இருப்பது திரவப் படிகம். 1888ஆம் ஆண்டில் பிராகா நகரில் பணியாற்றிய ஆஸ்திரியத் தாவரவியலார் பிரீட்ரிக் ரைனிட்சர், கேரட்டுக் கிழங்கிலிருந்து பெற்ற ஒரு பொருளை உருக்கிப் பார்த்தார். அது 145.5 பாகை வெப்பத்தில் உருகிக் கலங்கலாய் நின்றது, 178.5 பாகையில்தான் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் திகைத்தார். நீர்மம்போல் ஓடியும் படிகம்போல் ஒழுங்காய் நின்றும் இருக்கும் அந்த நடுநிலையே நம் மேசைமேல் வந்து அமர்ந்திருக்கிறது. மின்னழுத்தம் மாறும்போது இதன் மூலக்கூறுகள் திரும்புகின்றன. திரும்புவதற்கு நேரம் வேண்டும். திரை 5.6 மில்லி வினாடிக்கு ஒருமுறை புதுப் படத்தை எழுதினாலும், படிகம் திரும்பப் பத்து மில்லி வினாடி எடுக்குமானால், பழைய படத்தின் நிழல் புதியதன்மேல் படிந்தே இருக்கும்.

ஆதலின் படிகத்தின் வகையையும் கேட்டறிந்து வாங்க வேண்டும். மலிவு விலையில் பெரிதும் கிடைப்பவை ஐ.பி.எஸ்., வி.ஏ. என்னும் இருவகை. வி.ஏ. திரையில் கருமை நல்ல கருமையாக இருக்கும். ஆயின், விலை குறைந்தவற்றுள் பலவற்றில் கருமையிலிருந்து சாம்பல் நிறத்திற்கு மாறுவது மெத்தனமாக நிகழ்வதால், இருண்ட காட்சிகளில் ஓடும் உருவத்தின் பின்னே மைக்கறைபோல் ஒரு தீற்றல் தொடரும். ஐ.பி.எஸ். திரையில் கருமை சற்றே வெளுத்திருக்கும். பக்கவாட்டிலிருந்து நோக்கினாலும் நிறம் திரியாது. மாற்றமும் பெரும்பாலும் சீரானது. விரைந்த விளையாட்டே நோக்கமானால் ஐ.பி.எஸ். வாங்குக என்பது என் முடிபு. இருட்டறையில் திரைப்படம் பார்ப்பதே பெரும்பொழுது என்பார்க்கு வி.ஏ. ஏற்கும்.

பெட்டியின்மேல் 'ஒரு மில்லி வினாடி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதனை அப்படியே நம்ப வேண்டா. சில பெட்டிகளில் அது படிகம் திரும்பும் நேரமன்று. பின்னொளியை ஒவ்வொரு படத்திற்கும் இமைபோல் மூடித் திறந்து, மழுக்கத்தைக் குறைத்து அளந்த அளவு. அம்முறையை இயக்கினால் ஒளி மங்கும். படிகம் திரும்பும் நேரமே ஆனாலும், மிகச் சாதகமான ஒரு நிறமாற்றத்தை மட்டும் எடுத்து அளந்திருப்பர். ஒரேயொரு பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லி மகன் கெட்டிக்காரன் என்று வாதாடும் தந்தையரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, வீட்டிலுள்ள கணினி. திரை 180 முறை எழுதக் காத்திருந்தாலும், கணினி வினாடிக்கு 70 படங்களே வரைந்து கொடுக்குமாயின், காண்பது 70தான். வாலரண்ட் எளிய கணினியிலும் விரைந்து ஓடும் வகையைச் சார்ந்தது என்பது எங்கள் நல்லூழ். பெரிய காட்சிகளைக் கொண்ட விளையாட்டுகள் அப்படியல்ல. இதனால்தான், 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையே சிறு கணினிக்குப் பொருந்தும். 2560க்கு 1440 என்ற அளவில் புள்ளிகள் இருபது இலட்சத்திலிருந்து முப்பத்தாறு இலட்சத்துக்கு மேலாகிவிடுகின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் கணினி நிறம் கணிக்க வேண்டும். 1080 அளவிற்கு 24 அங்குலம் தக்கது. 27 அங்குலத்தில் அதே புள்ளிகள் பருத்து எழுத்தின் ஓரம் சொரசொரப்பாகும்.

கணினி தரும் படங்களின் வேகம் ஏறி இறங்கும்போது, திரை பாதிப் பழைய படமும் பாதிப் புதிய படமுமாகக் காட்டி, நடுவே கிழிந்ததுபோல் தோன்றும். கணினியின் வேகத்திற்கேற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இதற்கு மருந்து. ஃப்ரீசிங்க், அடாப்டிவ் சிங்க் என்ற பெயர்களில் இன்று மலிவான திரைகளிலும் இது உண்டு. இதன்பொருட்டுத் தனி விலை கொடுக்க வேண்டியதில்லை. என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் அட்டைகளும் 2019ஆம் ஆண்டு சனவரி முதல் இத்தகைய திரைகளோடு இணங்கி நடக்கின்றன. அதற்கு டிஸ்பிளேபோர்ட் வழியே இணைப்பது நலம்.

டிஸ்பிளேபோர்ட் என்றேன். என் கதை சிக்கிக்கொண்ட இடம் அதுவே. பதினெட்டாம் நாள், எங்கள் பள்ளியில் படித்து இப்பொழுது கணினி பழுதுபார்க்கும் பழைய மாணவர் ஒருவர் வேறு வேலையாக வீட்டிற்கு வந்தார். திரையின்மேல் சுட்டியை வட்டமாகச் சுழற்றினார். "சார், இது அறுபதுலதான் ஓடுது" என்றார். டிஸ்பிளே செட்டிங்ஸ், அதனுள் அட்வான்ஸ்டு டிஸ்பிளே, அதனுள் ரிஃப்ரெஷ் ரேட் என்று மூன்று கதவுகளைத் திறந்து காட்டினார். 60 என்றே இருந்தது. புதிய திரையைப் பூட்டிய மாத்திரத்தில் கணினி தானாக உயர்ந்த வேகத்திற்கு மாறிக்கொள்ளும் என்று நினைப்பது பெரும்பிழை. பலவேளைகளில் அது 60லேயே நிற்கும். நாம்தான் மாற்ற வேண்டும். போதாக்குறைக்கு நான் செருகியது பழைய எச்.டி.எம்.ஐ. கம்பி. அத்துளை வழியே இத்திரை 144 வரைதான் செல்லும் என்று கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. பரண்மேல் போட்டிருந்த பெட்டியை இறக்கினோம். அடியில், உறை பிரிக்காமல், டிஸ்பிளேபோர்ட் கம்பி கிடந்தது. விளையாட்டினுள்ளேயும் 60 என்று ஒரு வரம்பு இருந்தது, அதனையும் நீக்கினார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

திரையைச் சோதிக்க எளிய வழி அவர் செய்த அந்தச் சுழற்றல்தான். 60இல் அம்புக்குறியின் சாயல்கள் விட்டுவிட்டுத் தெரியும். 180இல் நெருங்கிக் கோடாகத் தொடரும். கடையிலேயே இதனைச் செய்து பார்க்கலாம். தாங்கி உயரம் ஏறி இறங்குமா, இல்லையெனில் பின்புறத்தில் தாங்கு கை பொருத்தும் நான்கு திருகுத் துளைகள் உண்டா என்றும் பார்க்க வேண்டும். உத்தரவாத ஆண்டுகளையும், ஒளிராத புள்ளி எத்தனை இருந்தால் மாற்றித் தருவர் என்பதையும் பில்லை வாங்குமுன் கேட்க வேண்டும். உள்ளே வைத்துத் தரும் ஒலிபெருக்கிக்காக ஒரு ரூபாயும் கூட்டித் தர வேண்டா.

அன்று மாலை பேரனை அழைத்தேன். "தம்பி, தப்பு என்னுடையது. நீ சொன்னதே சரி" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் திரையின்முன் அமர்ந்து, சிறிது நேரம் ஆடினான். பிறகு தன் நாற்காலியைச் சற்றே நகர்த்தி, எனக்கு இடம் விட்டான். அவன் ஆடிய வேகத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆயினும் விளக்கேற்றும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பழைய 60 ஹெர்ட்ஸ் திரை இப்பொழுது என் மேசையில் இருக்கிறது. நாளிதழ் படிக்க அது தாராளமாகப் போதும்.

அடுத்து வந்த தை மாதத்தில் சென்னைக்குப் போயிருந்தபோது, ரிச்சி தெருவிலுள்ள அந்தக் கடைக்கும் சென்றேன். அந்த இளைஞர் அங்கே இல்லை. வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.