மனிதக் கேட்பெல்லையும் மீயொலியும்

மனிதக் கேட்பெல்லை என்பது மனிதக் காது உணரக்கூடிய ஒலி அதிர்வெண்களின் வீச்சு ஆகும். இளம் வயதினருக்கு இது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அமைகிறது. அதற்கு மேற்பட்ட ஒலி மீயொலி எனப்படும். வௌவால்களுக்கு மீயொலி கேட்கும். காற்றின் வழியே வரும்போது மனிதருக்குப் பொதுவாகக் கேட்பதில்லை. எனினும், அதிரும் கருவியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பின் மீது அழுத்தி வைத்தால், மீயொலியும் கீச்சென்ற ஒலியாக உணரப்படுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

இந்த மேல் எல்லை வாழ்நாள் முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. உட்காதின் நத்தைச்சுருளில், உயர் அதிர்வெண்களை உணரும் மயிர்ச்செல்கள் அதன் தொடக்கப் பகுதியில் உள்ளன. வயது ஏற ஏற இவையே முதலில் பாதிக்கப்படுகின்றன. நடுத்தர வயதினர் பலருக்கு 15,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி கேட்பதில்லை.

முதுமைக்கு முன்பே இரைச்சலும் மயிர்ச்செல்களை அழிக்கக்கூடும். நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம், குமாரபாளையம், சேலம் மாவட்டத்தின் இளம்பிள்ளை ஆகியவை விசைத்தறிகள் நிறைந்த ஊர்கள். தறியில் நாடா இருபுறமும் மோதி எழுப்பும் ஓசை, காதுக்கு நன்றாகக் கேட்கும் ஒலியே, மீயொலி அன்று. ஆனால் பல தறிகள் சேர்ந்து ஓடும் கூடத்தில் அது 90 டெசிபெல்லைத் தாண்டக்கூடும். இந்தியத் தொழிற்சாலைகளில் 8 மணி நேர வேலைக்கான வரம்பே 90 டெசிபெல்தான்.

இத்தகைய இரைச்சல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேள்திறனை முதலில் குறைக்கிறது. அந்நிலையில் பிறர் பேசுவது காதில் விழும். ச, ஸ போன்ற ஒலிகள் மட்டும் தெளிவாகக் கேட்காது. அதனால் பாதிப்பு தொடங்கியதே பலருக்குத் தெரிவதில்லை. மனிதரில் அழிந்த மயிர்ச்செல்கள் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே தறி ஓட்டுவோர் காதடைப்பான் அணிவதும், ஆண்டுக்கு ஒருமுறை கேள்திறனைச் சோதித்துக்கொள்வதும் அவசியம்.