திரையில் பேசுவது யார்?

அரூரில் நம் இளைஞர் சிலர் சென்ற ஆண்டு ஒரு போட்டிக்காகப் படம் எடுக்கப் புறப்பட்டனர். பத்து நிமிடத்திற்கு ஓர் ஆவணப்படம். கருவி, அவர்களுடைய கைபேசிதான். எதைப் பற்றி எடுக்கப் போகிறீர்கள் என்று வினவினேன். "வாச்சாத்தி சார்" என்றனர். அங்குள்ள தாய்மார்களிடம் சம்மதம் கேட்டீர்களா என்றேன். "போயி கேமராவை வெச்சா பேசுவாங்க சார். டி.வி.க்காரங்ககிட்டயெல்லாம் பேசியிருக்காங்களே!" என்று ஒருவன் கள்ளமின்றிச் சொன்னான். அந்தப் பதில் பல நாள் என் நெஞ்சில் முள்ளாய் உறுத்தியது. அதன் விளைவே இக்கட்டுரை.

ஆவணம் என்றால் நம் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் நிலப் பத்திரம் நினைவுக்கு வரும். எழுதிக் கொடுத்தவரின் கையொப்பம் இன்றிப் பத்திரம் செல்லுமா? அதில் யாருடைய உடைமை பேசப்படுகிறதோ, அவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டுமல்லவா? ஆவணப்படம் என்று பெயர் பெற்ற கலைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அந்தக் கேள்விக்கு விடை தேடவே அக்கலைக்கு நெடுங்காலம் ஆயிற்று.

ஐம்பது வயதைக் கடந்த வாசகர்களுக்கு டூரிங் டாக்கீஸ் நினைவிருக்கும். மணலைக் குவித்து மேடாக்கி அமர்ந்திருப்போம். திரையில் முதலில் வருபவர் எம்.ஜி.ஆரும் அல்லர், சிவாஜியும் அல்லர். அரசாங்கத்தின் செய்திப்படமே வரும். எங்கோ ஓர் அணை திறக்கப்படும். எங்கோ வெள்ளம் பெருகும். அமைச்சர் ஒருவர் மாலையோடு நிற்பார். பெரியவர்கள் பீடி பற்றவைக்க எழுந்து போவதும், முறுக்குக்காரர் கூட்டத்தில் நுழைவதும் அந்த நேரத்தில்தான். 1948-இல் மத்திய அரசு பம்பாயில் நிறுவிய பிலிம்ஸ் டிவிஷன் அப்படங்களைத் தயாரித்துப் பல மொழிகளில் நாடெங்கும் அனுப்பி வந்தது. முக்கியப் படத்திற்கு முன் அவற்றைத் திரையிட வேண்டும் என்பது கொட்டகைக்காரர்களுக்கு அன்று விதி. 2022-இல் அந்நிறுவனம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

அப்படங்களில் பலவற்றுக்கு ஒரு பொதுவான குறை இருந்தது. திரையில் உழவர் தோன்றுவார்; நெசவாளர் தோன்றுவார்; மலைவாழ் பெண் தலையில் சுமையோடு நடந்து வருவார். ஆனால் அவர்களில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார். அவர்களைப் பற்றிக் கணீரென்ற வேறொரு குரலே பேசிக்கொண்டிருக்கும். விதிவிலக்குகளும் உண்டு. நாடு விடுதலை பெற்ற ஆண்டில் பிறந்த இளைஞர்களை அவர்களுடைய இருபதாவது வயதில், 1967-இல், எஸ்.என்.எஸ். சாஸ்திரி மனம் விட்டுப் பேச வைத்தார். அரசாங்கத்தின் காசிலேயே அரசாங்கத்திற்குக் கசப்பான சொற்களும் அப்படத்தில் ஒலித்தன. ஆனால் அத்தகைய படங்கள் அரிதாகவே வந்தன.

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆவணப்படத்தின் தந்தை எனப் பலரும் போற்றும் ராபர்ட் பிளாகர்ட்டி, 1922-இல் 'வடதுருவத்து நானுக்' என்னும் பொருள்படும் படத்தை வெளியிட்டார். கானடாவின் பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்களின் வாழ்வைக் காட்டிய படம் அது. பேசாப் படக் காலமாதலால் யாரும் பேச வழியில்லை என்பது உண்மையே. ஆயினும் கதாநாயகரின் பெயர்கூட நானுக் அன்று. அவர் அல்லகரியல்லக் என்பவர். துப்பாக்கியால் வேட்டையாடப் பழகிவிட்ட மக்களைப் பாட்டன் காலத்து ஈட்டியை ஏந்தச் செய்தார் இயக்குநர். பனிவீட்டினுள் வெளிச்சம் போதாது என்று பாதி வீட்டை மட்டும் கட்டச் செய்து, திறந்த பக்கத்திலிருந்து படம் பிடித்தார். உலகம் கைதட்டியது. அல்லகரியல்லக்கோ இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்து போனார்.

மக்களே தம் துன்பத்தைத் தம் வாயால் சொல்லும் வழக்கத்திற்கு முன்னோடியானது 1935-இல் இலண்டனில் எடுக்கப்பட்ட ஒரு சிறுபடம். வீட்டுவசதிச் சிக்கல்களைப் பற்றிய அப்படத்தை ஆர்தர் எல்ட்டன், எட்கார் ஆன்ஸ்டி ஆகிய இருவரும் எடுத்தனர். கிழக்கு இலண்டனின் சேரிக் குடும்பங்கள் தங்கள் அறைகளில் நின்றுகொண்டே எலியையும் மூட்டைப்பூச்சியையும் ஒழுகும் கூரையையும் பற்றிப் பேசின. ஒரு பெண்மணி தம் வீட்டு எலியைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால் நம் ஊர்க் குழாயடியில் நின்று கேட்பது போலவே இருக்கும். படத்திற்குப் பணம் கொடுத்தது எரிவாயு வணிகர்களின் சங்கம்! புதிய வீடுகள் எழுந்தால் புதிய எரிவாயு அடுப்புகள் விற்குமல்லவா? நல்ல செயலுக்குப் பின்னாலும் யாருடைய கணக்கு இருக்கிறது என்று பார்ப்பது தவறாகாது.

தமிழர்க்கும் இத்துறையில் பெருமைக்குரிய தொடக்கம் உண்டு. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், 1937-இல் நியூயார்க்கிலிருந்து கப்பலில் வருகையில், காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுக்க எண்ணம் கொண்டார். உலகின் பல நாடுகளில் தேடியலைந்து பழைய படச்சுருள்களைச் சேகரித்து, 1940-இல் தமிழ்ப் படமாக வெளியிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியில் அது எளிய காரியமா? ஆனால் அது ஒரு மாமனிதரைப் பற்றிய படம். பெயர் தெரியாத எளியோரைப் பற்றிய படங்கள் வர இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1990-இல் சலம் பென்னூர்கர் என்பவர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற படத்தை எடுத்தார். சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழன்ற சிறுவர் சிறுமியரின் வாழ்வைக் காட்டும் படம் அது. குழந்தைத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1986-இலேயே வந்துவிட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். சட்டம் ஏட்டில் இருந்தது. குழந்தைகள் வேலையில் இருந்தனர். மதுரையில் கையால் மலம் அள்ளும் ஒரு பெண்மணியின் அன்றாடப் பணியை ஆர்.பி. அமுதன் 2003-இல் படமாக்கினார். படத்தின் பெயரும் 'பீ' என்பதுதான். அதை வாய்விட்டுச் சொல்ல நம் வீடுகளில் கூசுவோம். அதை நாள்தோறும் அள்ளியவர்க்கு அந்தக் கூச்சம் காட்ட வசதியில்லை. 2017-இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' இதே கொடுமையைத் தமிழ்நாடு முழுவதும் சென்று பதிவு செய்தது. திரையிடப் பல ஊர்களில் தடைகள் எழவே, இணையத்தில் வெளியிட்டனர்.

நம் மாவட்டத்தையும் தொட்டுச் சென்ற ஒரு படத்தைச் சொல்லாமல் விடலாகாது. முதுமலை தெப்பக்காட்டு முகாமில் தாயிழந்த யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பற்றிக் கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' 2023 மார்ச்சில் ஆஸ்கார் விருது பெற்றது. உலகம் அவரைக் கொண்டாடிய அந்நாள்களில் பொம்மன் எங்கிருந்தார் தெரியுமா? நம் தருமபுரி மாவட்டத்தில்! மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்து, இரு குட்டிகள் அனாதையாகி நின்றன. அந்தப் பணிக்காக அவர் வந்திருந்தார். பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட வேறொரு குட்டியும் அத்தம்பதியரின் பராமரிப்பிற்கே அனுப்பப்பட்டது. பாவம், சில வாரங்களில் அது இறந்துவிட்டது. தமிழக முதலமைச்சர் அவ்விருவருக்கும், யானை முகாம்களின் பணியாளர்களுக்கும் தலா ஒரு இலட்சம் ரூபாய் வழங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில், தங்களுக்குச் சொல்லப்பட்ட உதவி வந்து சேரவில்லை என்று தம்பதியர் குறை கூறினர். தயாரிப்பாளர்கள் அதை மறுத்தனர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க நான் முற்படவில்லை. முகம் கொடுத்தவருக்கும் படம் எடுத்தவருக்கும் இடையே கணக்கு ஒன்று நிற்கும் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இனி வாச்சாத்திக்கு வருவோம். அரூரிலிருந்து சித்தேரி மலையடிவாரம் நோக்கிச் செல்கையில் வரும் அந்த மலையாளிப் பழங்குடிச் சிற்றூரில், 1992 ஜூன் 20 அன்று எந்தப் படக்கருவியும் இல்லை. சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தனர். பதினெட்டுப் பெண்களின் மானத்தைச் சூறையாடினர். வீடுகளை இடித்தனர், கிணற்றையும் பாழாக்கினர். பெண்களையும் குழந்தைகளையும் சிறைக்கு அனுப்பினர். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே அதிகாரிகள் சாதித்தனர்.

அதை மறுக்க அப்பெண்களிடம் இருந்தது வாய்ச்சொல் ஒன்றே. முதலில் தேடி வந்த மலைவாழ் மக்கள் சங்கத்தாரிடம் சொன்னார்கள். 1995-இல் உயர்நீதிமன்ற ஆணைப்படி வந்த மையப் புலனாய்வுத் துறையினரிடம் சொன்னார்கள். குற்றவாளிகளை அடையாளம் காட்டினார்கள். நீதிமன்றக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணையிலும் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டதால் 215 பேருக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் தாமே அவ்வூருக்கு வந்து, இடங்களைப் பார்த்து, மக்களிடம் கேட்டறிந்தார். முப்பது ஆண்டு கழித்து மீண்டும் ஒருமுறை! அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று அவர் தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டார்.

இதற்கிடையே எத்தனை நிருபர்கள், எத்தனை ஒலிவாங்கிகள்! அவர்களுள் பலர் நல்லெண்ணத்தோடு வந்தவர்களே. அவர்கள் வராதிருந்தால் வெளியுலகம் அறிந்திருக்காது. ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த நாளை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பேரப்பிள்ளை அருகில் நிற்கையில் சொல்ல வேண்டும். இத்தகைய குற்றத்திற்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை, அவருடைய எழுத்து மூலமான இசைவின்றி வெளியிடுவது சட்டப்படி குற்றம் என்பது கைபேசி ஏந்திய நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெற்றோராகிய நமக்காவது தெரியுமா?

இவற்றையெல்லாம் அந்த இளைஞர்களோடு ஒரு மாலை முழுவதும் பேசினேன். அவர்கள் முகம் வாடிற்று. "அப்ப எதைத்தான் சார் எடுக்கறது?" என்றான் ஒருவன். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கூலிக்குப் போகாத குடும்பம் நம் பகுதியில் எத்தனை உண்டு? அவனுடைய தாயே பெங்களூரில் கட்டட வேலைக்குச் சென்று கல் சுமந்து அவனைப் படிக்க வைத்தவர். அதை அவனுக்கு நினைவூட்டினேன்.

ஞாயிறன்று பிற்பகல் அவன் தன் தாயின் முன் கைபேசியை வைத்தான். "என்னத்தடா சொல்றது, போடா" என்று முதலில் சிரித்தாராம். பிறகு பேசத் தொடங்கியவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். தகரக் கொட்டகையில் தூங்கிய இரவுகளையும், மேஸ்திரி பிடித்துக்கொண்ட கூலியையும், பச்சைக் குழந்தையைச் சிமெண்ட் மூட்டைகளுக்கிடையே படுக்க வைத்ததையும் சொன்னார். மகனுக்கு அவற்றில் பாதி அதுவரை தெரியாது. முடித்தபின் எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னார். ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, "இது மட்டும் வேணாஞ்சாமி, அழிச்சிரு" என்றார்.

படத்தில் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்று நண்பர்கள் வாதாடினராம். அவன் அழித்துவிட்டான்.