ஆடாத கட்டிலுக்கு ஒரு சாய்வுச் சட்டம்

பெட்டியில் பலகைகளாக வந்து வீட்டில் பூட்டப்படும் பிள்ளைகளின் உயரக் கட்டில், முதல் நாள் அசையாமல்தான் நிற்கும். திருகோணமலையில் ஒரு வாடையும் ஒரு கச்சானும் கடந்த பிறகு, பிள்ளை ஏறும்போதெல்லாம் அது ஆடிக் கிறீச்சிடும். காரணம் பாதி வடிவத்தில் இருக்கிறது, பாதி காற்றில் இருக்கிறது.

நாற்பக்கச் சட்டகத்தைப் பக்கவாட்டில் தள்ளினால், எந்தச் சட்டத்தின் நீளமும் மாறாமலே அது சரிந்துவிடும். தடுத்து நிற்பவை மூலைத் திருகாணிகள் மட்டுமே. கட்டில் ஐந்தடி உயரமென்றால், மேலே பிள்ளை புரளும் விசை அந்த ஐந்தடியையும் நெம்புகோலாக்கி மூலைகளைத் திருகும். முக்கோணம் அப்படியல்ல, ஒரு பக்கமாவது நீளாமலோ குறுகாமலோ அது உருமாறாது. ஆகவே பின்பக்கத்திலும் ஒரு தலைப்பக்கத்திலும் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு சட்டம் போடுங்கள். கால்களைத் தடிப்பாக்குவதைவிட இது பலமடங்கு பயன் தரும்.

மரக்கப்பல்களுக்கும் இதே தொல்லை இருந்தது. விலாச் சட்டமும் பலகையும் செங்கோணத்தில் சேர்ந்ததால், நாளடைவில் கப்பலின் இரு முனைகளும் தொங்கிப்போகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் வடிவமைப்பாளர் ராபர்ட் செப்பிங்ஸ் உள்ளே சாய்வுச் சட்டங்களைப் பொருத்தி அதை அடக்கினார். எங்கள் ஊர்ப் பெயர் தாங்கி 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டப்பட்ட ‘டிரிங்கோமலி’ அந்தக் காலத்துக் கப்பல்தான். இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் இன்றும் மிதக்கிறது.

இனிக் காற்று. வாடை மழையில் மரம் ஈரம் குடித்து, நாருக்குக் குறுக்கே உப்பும். இறுகிய போல்ட் விட்டுக்கொடுக்காததால் வாசருக்கு அடியில் நார்கள் நசுங்கும். கச்சான் வீசும்போது மரம் காய்ந்து சுருங்கும். நசுங்கிய இடம் மீளாது, போல்ட் தளர்ந்துவிடும். சிப்போர்ட் இன்னும் மோசம்: ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழைய தடிப்புக்கு வராது, திருகாணி பிடித்த துளையும் உதிரும். பாரம் தாங்கும் மூலைகளில் மரத்தை ஊடுருவிச் செல்லும் போல்ட், அகன்ற வாசர், நட்டு போடுவதே நல்லது. உப்புக்காற்றில் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். கச்சான் பலமாக வீசும் ஆனி, ஆடியில் எல்லாவற்றையும் இறுக்குங்கள். மழைக்காலத்தில் தளர்ந்ததை மட்டும் மெல்ல இறுக்கினால் போதும்.

கட்டிலைச் சுவரோடும் பிணைக்க வேண்டும். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லில் சாதாரண ரோல் பிளக் பிடிக்காது. கொங்கிறீட் தூண் இருக்கும் இடம் பாருங்கள்.

அடுக்குக் கட்டில்களுக்கான அமெரிக்க விதிப்படி, தடுப்புச் சட்டம் மெத்தையின் மேற்பரப்புக்கு மேல் 5 அங்குலமாவது இருக்க வேண்டும். தடித்த மெத்தை வாங்கிப் போட்டால் அந்த உயரம் போய்விடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சட்டங்களின் இடைவெளி 3.5 அங்குலத்துக்கு மேல் போனால் உடல் நழுவித் தலை மாட்டிக்கொள்ளலாம். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்கவிடக் கூடாது. நுளம்பு வலையைக் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிடாமல் கட்டில் சட்டத்திலேயே இழுத்துக் கட்டுங்கள். தொங்கும் கயிறு கழுத்தில் சுற்றக்கூடும்.

எங்கள் வெக்கைக்கு எல்லா அறையிலும் கூரை விசிறி சுற்றுகிறது. அதை நிறுத்திவிட்டு, பிள்ளையை மெத்தைமேல் எழுந்து நின்று கையை நீட்டச் சொல்லுங்கள். தகடு எட்டுமானால் கட்டிலை அங்கிருந்து நகர்த்துங்கள்; நகர்த்த இடமில்லையென்றால் கூரை விசிறியைக் கழற்றிச் சுவர் விசிறி பூட்டுங்கள்.